பன்னிரண்டரைக்கே எழுதிவிட்ட ஒரு மணி

கேரியரைத் தூக்கியதுமே தெரிந்துவிட்டது. கனம் குறையவே இல்லை.

மூன்று அடுக்கு எவர்சில்வர் கேரியர். திறந்து பார்த்தேன். மேலே வாழைக்காய்ப் பொரியல், நடுவில் கத்தரிக்காய் சாம்பார், அடியில் சோறு. ஒரு பருக்கை கலையவில்லை. சாம்பார் ஆறிப்போய் மேலே ஏடு படிந்திருந்தது.

கட்டிலில் ஆள் இல்லை. போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த ரப்பர் செருப்பையும் காணோம்.

என் இன்னொரு கையில் அவருடைய கேஸ் ஷீட். அதில் என் கையெழுத்தில், இங்கிலீஷில், அழகாக ஒரு வரி. ஒரு மணி: லஞ்ச் டேக்கன், பேஷன்ட் கம்ஃபர்டபிள். அதாவது மதியச் சாப்பாடு ஆயிற்று, நோயாளி சௌக்கியம்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றரை. அந்த வரியை நான் எழுதியது பன்னிரண்டரைக்கு.

இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்த கதையைப் போன வாரம் இந்தப் பக்கத்தில் பாதியில் விட்டிருந்தேன். அதைத் தொடரலாம் என்று உட்கார்ந்தால் இந்தக் கேரியர்தான் முதலில் கண்ணில் நிற்கிறது. அதனால் இங்கேயே ஆரம்பிக்கிறேன்.

ஆறாம் நம்பர் பெட்

செஞ்சியில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். மாடியில் பன்னிரண்டு கட்டில், கீழே ஆபரேஷன் தியேட்டர், ஒரே ஒரு டாக்டர். வார்டு ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும். ஆறு வருஷத்தில் அதை நின்று பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆறாம் நம்பர் கட்டிலில் இருந்தவர் முனுசாமி. அவலூர்பேட்டைப் பக்கத்து விவசாயி. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். காலில் முள் குத்தி, சர்க்கரை வியாதியால் புண் ஆறாமல், வந்து சேர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கூடவே அவர் மனைவி கன்னியம்மா.

அன்றைக்கு அமாவாசை. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு முப்பது வருஷமாக ஒரு அமாவாசை தவறாமல் போகிறவர் அவர். காலையில் ஊசி போடப் போனபோதே கேட்டார்.

"இன்னா சிஸ்டரு, இன்னிக்கு ஒரு நாளு வுடுவீங்களா? சாயங்காலம் வந்து படுத்துக்கிறேன்."

"இந்தக் கால வெச்சிக்கினு எங்க போறது? பேசாம படுங்க."

பேசாமல் படுத்தார். அவ்வளவு சுலபமாக அடங்கியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு இன்சுலின் போட்டேன். அதைப் போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். வியர்க்கும், கைகால் நடுங்கும், பேச்சு குழறும், பிறகு நினைவு தப்பும். பக்கத்தில் விஷயம் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் உயிரே போய்விடலாம்.

அப்போதுதான் கன்னியம்மா கேரியரோடு உள்ளே வந்தாள். நான் பார்த்தேன். சாப்பாடு வந்துவிட்டது, இனி சாப்பிடுவார் என்று நினைத்து ஒரு மணிக்கு உண்டான வரியை அப்போதே எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

கேரியர் என் கண்ணுக்குக் காட்டுவதற்காக மட்டும் வந்தது. அமாவாசையன்று அம்மனைப் பார்க்கும்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் எழுத்து

முன்கூட்டியே எழுதுவது என் கண்டுபிடிப்பு இல்லை. சேர்ந்த முதல் வாரமே பரமேஸ்வரி அக்கா சொல்லிக்கொடுத்தது. அக்கா அங்கே இருபது வருஷ சீனியர்.

ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டு பத்துக்கு என் பஸ். பன்னிரண்டு பேருக்கு ஒரு மணி, ஒன்றரை, இரண்டு என்று எல்லாவற்றையும் அந்தந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தால் பஸ் பனமலை தாண்டிப் போயிருக்கும். அதனால் பன்னிரண்டரைக்கே உட்கார்ந்து இரண்டு மணி வரைக்கும் நடக்கப் போவதை நடந்ததாக எழுதிவிடுவோம்.

"எல்லா ஆஸ்பத்திரிலயும் இப்டித்தான்டி. கை இருக்கறதே ரெண்டு" என்பாள் அக்கா.

பெரும்பாலும் எழுதியபடியே நடக்கவும் செய்யும். தூங்கினார் என்று எழுதினால் தூங்கிவிடுவார்கள். சாப்பிட்டார் என்று எழுதினால் சாப்பிட்டுவிடுவார்கள். எங்கள் நோயாளிகள் ரொம்ப நல்லவர்கள்.

அதில் வரும் இங்கிலீஷும் தனி ரகம். ஃபுட் டேக்கன். இன்ஜெக்ஷன் கிவன். ஸ்லெப்ட் வெல். டாக்டர் இன்ஃபார்ம்டு. சாப்பாடு எடுக்கப்பட்டது, ஊசி போடப்பட்டது, நன்றாகத் தூங்கியாயிற்று, டாக்டருக்குச் சொல்லப்பட்டது. யார் போட்டது, யார் சொன்னது என்று ஒரு இடத்திலும் இருக்காது.

இத்தனை வருஷமும் அதுதான் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செல்போன் கடைக்கு மேல்

திண்டிவனம் ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேலே வினோத்தின் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ். என்னைவிடப் பத்து வயது சின்னவன். நான் அவனை சார் என்பேன், அவன் என்னை சிஸ்டர் என்பான்.

நான் சேர்ந்தது அயர்லாந்துக்காக. என்னோடு நர்சிங் படித்தவர்கள் நாலு பேர் அங்கே போய்விட்டார்கள். போகவேண்டுமென்றால் இரண்டு வேண்டும். ஒன்று, இங்கிலீஷ் பரீட்சை. இன்னொன்று, இவர் இங்கே ஒழுங்காக வேலை பார்த்தார் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம். டாக்டர் ஒத்துக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை டைப் பண்ணி எடுத்துட்டு வாங்க, போட்டுத் தர்றேன்." அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால்தான் இந்த அமாவாசை.

முதல் நாள் கிளாஸில் வினோத் கேட்டான், நேற்று சாயங்காலம் என்ன செய்தீர்கள் என்று. நான் தயங்காமல் சொன்னேன்.

"பஸ் கேட்ச்டு. ரைஸ் குக்குடு. க்ளோத்ஸ் வாஷ்டு. ஸ்லெப்ட் வெல்."

கோட்டை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிவரும் கார் டிரைவர் ஒருவர் பின்பெஞ்சில் இருந்தார். "சிஸ்டர் வீட்டுல வேலையெல்லாம் தானா நடக்குது போலிருக்குதே! எங்க வூட்டுக்கும் அட்ரஸ் குடுங்க" என்றார். கிளாஸே சிரித்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது.

வினோத் சிரிக்கவில்லை. "நீங்க கேஸ் ஷீட் எழுதுறீங்க சிஸ்டர். யாரு செஞ்சது? அந்த ஆளை முதல்ல உள்ள கொண்டாங்க" என்றான்.

அந்த ஆளை உள்ளே கொண்டுவர எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஐ குக்குடு, ஐ வாஷ்டு என்று சொல்லும்போதெல்லாம் தம்பட்டம் அடிப்பதுபோல் கூச்சமாக இருக்கும்.

வினைச்சொல் பட்டியல் ஒன்று கொடுத்தான். நர்ஸ் ரூமில் என் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தேன். பாதிக்கு மேல் ஒழுங்குக்கு வராதவை. வாக் வாக்டு என்று பின்னால் ஒரு 'டு' போட்டால் அடங்கிவிடும் சாதுக்கள் ஒரு பக்கம். கோ, வென்ட், கான் என்று புகுந்த வீட்டுக்குப் போனதும் பெயரையே மாற்றிக்கொள்ளும் ரகம் இன்னொரு பக்கம். கட், கட், கட் என்று எதற்கும் அசையாதவையும் உண்டு. அதில் ஹர்ட் என்பது எனக்குச் சட்டென்று மனதில் பதிந்தது. வலிப்பது. மூன்று காலத்துக்கும் ஒரே வார்த்தை.

"இதுக்கு இன்னா ரூல் சார்?" என்று டிரைவர் ஒருநாள் மல்லுக்கு நின்றார். "நம்ம தமிழ்ல இந்த மாதிரி தொல்லையே கெடையாது."

"ஏன் கெடையாது?" என்றேன் நான். "நட-ன்னா நடந்தான். படி-ன்னா படிச்சான். சா-ன்னா சாந்தானா? செத்தான். யாரு உங்களுக்கு ரூல் சொல்லிக்குடுத்தா? காதுல வுழுந்து வுழுந்து வந்ததுதானே."

அந்தச் சாயங்காலம் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

வினைச்சொல்லைவிடக் காலம்தான் கஷ்டம். ஹி ஏட் என்றால் சாப்பிட்டான். எப்போதோ, முடிந்துபோன சங்கதி. ஹி ஹேஸ் ஈட்டன் என்றால் சாப்பிட்டாயிற்று. சாப்பிட்டதன் பலன் இப்போதும் வயிற்றில் இருக்கிறது. வினோத் இப்படிச் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது. ஐந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் டப்பா அடித்தும் விளங்காதது. நம் ஊரில் 'சாப்ட்டியா' என்றும் கேட்கிறோம், 'சாப்டாச்சா' என்றும் கேட்கிறோம். வித்தியாசம் நமக்கே தெரியும், சொல்லத்தான் தெரியாது.

நடக்காததை நடந்ததாக எழுதுவது எந்தக் காலம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

"நீதான் எழுதிட்டியே"

ஒன்றரை மணிக்கு வருவோம்.

கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் கன்னியம்மாவின் போன் நம்பர் இருந்தது. மூன்று முறை அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. டாக்டர் கீழே தியேட்டரில் குடலிறக்க ஆபரேஷனில் இருந்தார். மூன்று மணிக்கு முன்னால் வெளியே வரமாட்டார்.

பரமேஸ்வரி அக்காவிடம் ஓடினேன். அவள் கேரியரைப் பார்த்தாள், கேஸ் ஷீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்சுலின் போட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"சாப்ட்டாருன்னு எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள். "அப்ப வுடு. சாப்ட்டாரு, அப்புறம் சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு. 'அப்ஸ்காண்டட்'னு ஒரு வரி போடு, முடிஞ்சிது. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் சொன்னது சரிதான். அந்தக் காகிதம் என்னை முழுசாகக் காப்பாற்றும். ஆனால் மலையனூர்க் கூட்டத்தில் அவர் விழுந்து, யாராவது தூக்கிப்போய், எங்களுக்குப் போன் போட்டுக் கேட்டால் சாப்பிட்டார் என்றுதான் இங்கிருந்து பதில் போகும். சர்க்கரை இறங்கியிருக்கும் என்று யாருக்கும் தோன்றாது. அவர் சாப்பிடவில்லை என்பது தெரிந்த நர்ஸ்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். இரண்டு பேரும் அந்த ரூமில் நின்றுகொண்டிருந்தோம்.

சர்க்கரை பார்க்கும் மிஷின், இரண்டு குளுக்கோஸ் பொட்டலம், ஒரு பிஸ்கட் பாக்கெட். பையில் போட்டுக்கொண்டேன்.

"எங்கடி போற?"

"மலையனூருக்கு. டாக்டர் வந்தா சொல்லிடுக்கா."

"இன்னான்னு சொல்றது?"

படியிறங்கிவிட்டேன்.

அமாவாசை ஸ்பெஷல்

ஆட்டோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் கோயிலுக்குப் போயிருந்தன. பஸ் ஸ்டாண்டில் ஸ்பெஷல் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் புளிமூட்டைபோல் ஜனம். ஒரு பஸ்ஸின் பின்படியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வேப்பிலை, மஞ்சள், எலுமிச்சை, வியர்வை எல்லாம் கலந்த வாசனை. என் வெள்ளை யூனிஃபார்மைப் பார்த்த ஒரு அம்மா, "கோயில்ல மெடிக்கல் கேம்ப்பா சிஸ்டரு?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

எனக்குப் பயம். வேறு வார்த்தை இல்லை. அதில் எவ்வளவு அவர் உயிருக்காக, எவ்வளவு திங்கட்கிழமைக் கடிதத்துக்காக என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கடிதத்துக்கானதும் கணிசமாகவே இருந்தது.

மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பீரோ கதவுப் பட்டியல் தானாக ஓட ஆரம்பித்தது. ஃபால், ஃபெல், ஃபாலன். லூஸ், லாஸ்ட், லாஸ்ட். ஈட், ஏட், ஈட்டன். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை.

மலையனூருக்குத் திரும்பும் கூட்டுரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் இன்னொரு ஸ்பெஷல் பஸ் ரோட்டோரம் நின்றிருந்தது. ஜனங்கள் இறங்கி ஒரு புளியமரத்தடியில் கூடியிருந்தார்கள்.

"இன்னா கண்டக்டரே, பஞ்சரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. யாரோ ஒருத்தருக்கு சாமி வந்துடுச்சாம். ரெண்டு நிமிஷம்."

நான் படியிலிருந்து குதித்தேன்.

சாமி மேல ஊசி

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முனுசாமிதான்.

மரத்தில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை, கால், தாடை எல்லாம் வெடவெடவென்று ஆடின. கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. நெற்றி முழுக்க யாரோ குங்குமத்தை அப்பியிருந்தார்கள். இடது கையில் நான் போட்ட ஊசிக் குழாய், பிளாஸ்திரியோடு, துண்டுக்குள் ஒளிந்திருந்தது. கன்னியம்மா பக்கத்தில் கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் இல்லை, பக்தியில்.

ஒரு பெண் வேப்பிலையால் விசிறிக்கொண்டே கேட்டாள். "ஆத்தா, சொல்லு தாயி. இன்னா கொற வெச்சிட்டோம் உனக்கு?"

முனுசாமி குழறிக் குழறி ஒரே வார்த்தையைச் சொன்னார். "பசி... பசிக்குது..."

"ஆத்தாவுக்குப் பசிக்குதாம்டி!" கூட்டம் பதறிவிட்டது. கோயிலுக்கென்று கொண்டுபோன பானகத்தை ஒருத்தி குடத்திலிருந்து சொம்பில் மொண்டாள். வெல்லமும் சுக்கும் எலுமிச்சையும் கரைத்தது. "இது ரெண்டாவது சொம்பு. மொதல் சொம்ப கடகடன்னு குடிச்சிட்டா ஆத்தா" என்றாள் பெருமையாக.

அப்படியே மண்ணில் உட்கார்ந்தேன். வெல்லத் தண்ணீர். நான் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தூக்கிவந்த குளுக்கோஸ் செய்யவேண்டிய வேலையை அவர்கள் ஏற்கெனவே பாதி செய்திருந்தார்கள்.

மிஷினை எடுத்து அவர் விரலைப் பிடித்தேன். வேப்பிலைக்காரப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அடியே, சாமி மேல ஊசி குத்துவியா நீ? யாரு நீ?"

"நான் ஆஸ்பத்திரி நர்ஸும்மா. இவரு எங்க பேஷன்ட்டு. சக்கர கொறஞ்சிடுச்சு."

"அதெல்லாம் ஆஸ்பத்திரில வெச்சிக்கோ. இங்க ஆத்தா வந்திருக்கா."

வாதாட நேரமில்லை. ஊசியைப் பைக்குள் வைத்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். "சரிம்மா. ஆத்தாவுக்குத் தாகம் அடங்கல. அந்தச் சொம்பக் குடுங்க, நானும் ஒரு வாய் குடுத்துக்கறேன்" என்றேன். இரண்டு குளுக்கோஸ் பொட்டலத்தையும் சொம்பில் கொட்டிக் கலக்கினேன். யாரும் தடுக்கவில்லை. "குடி தாயி" என்று நானும் சொன்னேன். ஆத்தா குடித்தாள்.

கன்னியம்மா அப்போதுதான் என்னை அடையாளம் கண்டாள். "சிஸ்டரு..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவள் காதருகே போய்ச் சொன்னேன். "ஊசி போட்டுக்கினு சாப்புடாம வந்துட்டாரும்மா. அதான் இது. சாப்ட்டாருன்னு நான் முன்னாடியே எழுதிட்டேன். நின்னு பாத்திருந்தா போக வுட்டிருக்க மாட்டேன். தப்பு என்னுது."

அவள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. வியர்வை அடங்கியது. முனுசாமி சுற்றுமுற்றும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டரா? நீயும் அமாவாசைக்கு வந்தியா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. விரலைப் பிடித்துக் குத்தினேன். இப்போது யாரும் தட்டிவிடவில்லை, ஆத்தா மலையேறிவிட்டாள் என்று கூட்டம் கலைந்து பஸ் ஏறிக்கொண்டிருந்தது. மிஷின் எழுபத்தெட்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே போனால்தான் ஆபத்து. இரண்டு சொம்புக்குப் பிறகு எழுபத்தெட்டு என்றால் முதல் சொம்புக்கு முன்னால் எவ்வளவு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தேன். அவரைத் திருப்பிக் கூட்டிப்போகப் பெரிய சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. பானகக்காரப் பெண் போகிற போக்கில் நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அவளே என்னத் தேடி வந்துட்டா. இனிமே நான் எதுக்கு அங்க போவணும்?" என்றார். ரோட்டில் நின்றபடியே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார். எதிரே செஞ்சிக்குத் திரும்பிய ஒரு டெம்போவில் மூன்று பேரும் ஏறிக்கொண்டோம்.

நாலு மணி

ஷிஃப்ட் முடிந்தும் பரமேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். முனுசாமியைப் பார்த்ததும் மூச்சு விட்டாள்.

"டாக்டர் கேட்டாரு. எக்ஸ்ரேவுக்குப் போயிருக்காருன்னு சொல்லிவெச்சேன். ஷீட்ல எதுவும் எழுதல" என்றாள். "ஆளுதான் வந்துட்டாரே. எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

இருக்கலாம்தான். ஆள் கட்டிலில். கேரியரும் கட்டிலுக்கடியில். இனி அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டால் நான் எழுதியது கொஞ்சம் தாமதமாக உண்மையாகிவிடும்.

பேனாவை எடுத்தேன். அந்த வரியை ஒரே கோடாக அடித்தேன். கீழே எழுதினேன். ஹி டிட் நாட் ஈட். ஐ ரோட் இட் பிஃபோர் லஞ்ச். ஐ டிட் நாட் லுக். அவர் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக்கு முன்னாலேயே நான் எழுதிவிட்டேன். நான் பார்க்கவில்லை. பிறகு நடந்தது முழுக்க, எழுபத்தெட்டு வரைக்கும். கீழே தேவகி என்று என் பெயர்.

எழுத்து நன்றாக இல்லை.

டாக்டர் நின்றபடியே படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. மேஜையில் இருந்த மற்ற பதினொரு கேஸ் ஷீட்டையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல எது நடந்தது, எது நடக்கல?"

புரட்டினேன். எல்லாம் என் கையெழுத்து. ஃபுட் டேக்கன். ஸ்லெப்ட் வெல். நேற்று, முந்தாநாள், அதற்கு முந்தைய நாள். எதைக் கண்ணால் பார்த்தேன், எதைப் பார்க்காமல் எழுதினேன் என்று ஒரு வரியைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. அந்த மேஜை முன்னால் பட்ட வெட்கம் என் வாழ்க்கையில் வேறெங்கும் பட்டதில்லை.

"தெரியல சார்" என்றேன்.

"சரி, போங்க" என்றார்.

திங்கட்கிழமை நான் கடிதத்தை டைப் செய்து எடுத்துப்போகவில்லை. அவரும் கேட்கவில்லை. பரமேஸ்வரி அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "நீ உன் பேர எழுதுன. இங்க எல்லாரு பேரும் வந்துடுச்சு" என்றாள் கடைசியில். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மூன்று மாதம் கழித்து டாக்டரே கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார். அதற்குள் அயர்லாந்தில் நான் விண்ணப்பித்திருந்த இடம் நிரம்பிவிட்டது. வினோத்தின் கிளாஸுக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை பார்க்கலாம்.

ஒரு வாய்

மறுநாள் காலை முனுசாமியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கன்னியம்மா முன்பே சொல்லியிருப்பாள், ஆனாலும் என் வாயால் சொல்லவேண்டும் என்று இருந்தது.

"நான் சாப்புடாத சோத்த சாப்ட்டேன்னு எழுதிட்டியா?"

"ஆமாங்க."

"நான் அங்கயே செத்திருந்தா?"

"சாப்ட்டாரு, சௌக்கியமா இருக்காருன்னு இருந்திருக்கும்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து கன்னியம்மா முதுகைத் தட்டும்வரை சிரித்தார்.

"சக்கர எறங்குனது உன் கணக்கு. என்கிட்ட வந்தது யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதை நான் மறுக்கவில்லை. குடித்த பானகம் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான்.

அவர் இன்னும் ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் மதியம் ஊசி போட்டதும் கையைத் தட்டிக் கூப்பிடுவார். "சிஸ்டரு, வா. சாப்புடப் போறேன்." பன்னிரண்டு பேரின் வேலை கிடக்கும். போய்க் கட்டிலோரம் கேஸ் ஷீட்டோடு நிற்பேன். அவர் அவசரமே படமாட்டார். சாம்பாரைப் பிசைவார், மிளகாயை ஒதுக்குவார், ஊரில் மழை பெய்ததா என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்பார். பல நாள் இரண்டு பத்து பஸ்ஸை விட்டுவிட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கும் அப்படித்தான். தட்டு காலியாகிவிட்டது என்று நினைத்துப் பேனாவைத் திறந்தேன். அவர் இடது கையைத் தூக்கித் தடுத்தார்.

"இரு சிஸ்டரு. இன்னும் ஒரு வாய் இருக்குது. எழுதாத."

பேனாவை மூடிக்கொண்டு, அவர் மென்று விழுங்கும்வரை நின்றேன்.